புல்திரெசிக்: ஒரு பிரெட்டன் சிற்றூரும் அதன் தாய்மொழியும்

ஒரு மொழியின் வரலாற்றை அரசாணைகளிலும் சட்ட நூல்களிலும் தேடுவது நம் வழக்கம். அவ்வாறு தேடுவதில் பிழையில்லை. ஆயினும், ஒரு மொழி வாழ்வதும் தளர்வதும் பெரும்பாலும் வீட்டு அடுக்களைகளிலும் களத்துமேடுகளிலும் நிகழ்கின்றன. ஒரு தாய் தன் குழந்தையை எந்த மொழியில் அழைத்தாள் என்பதை எந்த அரசு ஆவணமும் குறித்து வைப்பதில்லை. ஆதலால், இவ்வுரையில் ஒரே ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, அதன் அன்றாட வாழ்க்கையின் ஊடாக ஒரு மொழிக்கு நேர்ந்ததை நோக்குவோம். பிரான்ஸ் நாட்டின் மேற்குக் கோடியில், பிரிட்டனித் தீபகற்பத்தில் உள்ள புல்திரெசிக் என்பதே அவ்வூர். இன்றும் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2,000தான். அவ்வூரில் பிறந்த ஒருவர் தம் இளமைக்கால வாழ்க்கையை நூலாக எழுதி வைத்தமையால், அதன் வீடுகளுக்குள்ளும் நம்மால் எட்டிப் பார்க்க இயல்கிறது.

நிலமும் மக்களும்

கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் பிரித்தன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய கெல்டிய மக்களின் பெயராலேயே பிரிட்டனி அப்பெயர் பெற்றது. அவர்கள் கொண்டுவந்த மொழியே பிரெட்டன். அது பிரெஞ்சின் கிளைமொழி அன்று; வேல்சு நாட்டு மொழிக்கும் கார்ன்வால் பகுதியின் பழைய மொழிக்கும் உடன்பிறந்தது. எழுத்து மரபற்ற மொழியுமன்று. பிரெட்டன், பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மும்மொழிகளுக்கான அகராதியொன்று 1464இல் தொகுக்கப்பெற்று, 1499இல் பிரிட்டனியிலேயே அச்சேறியது. தனி ஆட்சிப் பகுதியாக இருந்த பிரிட்டனி 1532இல் பிரெஞ்சு அரசுடன் இணைக்கப்பட்டது. அதன் பின்னரும் பல நூற்றாண்டுகள் மேற்குப் பகுதியின் உழவரும் மீனவரும் தம் மொழியையே பேசி வந்தனர்.

புல்திரெசிக், தீபகற்பத்தின் தென்மேற்கில், ஒதியேர்ன் விரிகுடாவை அடுத்துள்ளது. கெம்பேர் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. இப்பகுதியைப் பிகுடென் நாடு என்பர். பிரெட்டன் ஊர்களின் அமைப்பு தனித்தன்மை உடையது. நடுவே தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் கடைகளும் சூழ்ந்த ஊர்மையம். அதைச் சுற்றி வயல்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிறு சிறு குடியிருப்புகள். அக்குடியிருப்புகளின் பெயர்கள் பலவும் 'கேர்' என்று தொடங்கும். மனையிடம், குடியிருப்பு என்பது அதன் பொருள். 'புலூ', 'புலோ' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் பழைய திருச்சபைப் பங்குகளைக் குறிக்கும். பேச்சு மொழி மறைந்தாலும் ஊர்ப்பெயர்கள் நெடுங்காலம் அதன் தடயத்தைக் காத்து நிற்கும் என்பதற்கு இந்நிலப்பகுதி நல்ல சான்று.

களமும் கட்டிலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரில் செல்வர் சிலர். சிறு உழவரும் கூலியாட்களும் பலர். ஏழை வீடு என்பது மண்தரை போட்ட ஓர் அறை. அதில் மரப்பலகைகளால் பேழைபோல் அடைக்கப்பட்ட, கதவு வைத்த பெட்டிக்கட்டில் இருக்கும். குளிருக்கும் அடக்கமான தனிமைக்கும் அதுவே புகலிடம். கட்டிலின் முன் உள்ள நீண்ட மரப்பெட்டியே இருக்கையும் துணிப்பேழையும் ஆகும். காலில் மரக்காலணி, உணவில் உருளைக்கிழங்கும் கஞ்சியும் மாவைக் கரைத்து மெல்லியதாக வார்த்துச் சுடும் அடையும்.

உழைப்பும் விழாவும் அங்கே பிரிக்க முடியாதவை. புதிதாகக் கதிரடிக்கும் களம் அமைக்க வேண்டுமெனில், அக்கம்பக்கத்தார் அனைவரும் அழைக்கப்படுவர். ஈரக் களிமண்ணின் மேல் கைகோத்து ஆடி, அவர்கள் தம் கால்களாலேயே தரையை இறுக்குவர். ஆட்டம் முடியும்போது களம் ஆயத்தமாகியிருக்கும். அந்த ஆட்டத்துக்குரிய பாடலும் கேலியும் ஏவலும் பிரெட்டனில்தான். வேலைக்குரிய சொற்கள் வேலையோடு சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் சென்றன.

கடலும் அவர்களுக்குத் தாயாகவும் மாற்றாந்தாயாகவும் இருந்தது. 1902ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனியின் தென்கரையில் மத்தி மீன்வரத்து பெரிதும் குறைந்தது. மீனவரும் மீன்பதனீட்டு ஆலைகளில் உழைத்த பெண்களும் பசியில் வாடினர். அப்போது துயர்நீக்க முயற்சியாகப் பெண்களுக்கு அயர்லாந்துப் பாணியிலான கொக்கிப் பின்னல் கற்பிக்கப்பட்டது. பிழைப்புக்காகக் கற்ற அக்கலை விரைவில் அந்நிலத்தின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. பிகுடென் பெண்கள் அணிந்த, கஞ்சியிட்டு விறைப்பாக்கிய பின்னல் தலையணி, இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் உயர்ந்துகொண்டே போய் 30 சென்டிமீட்டரையும் தாண்டியது. பழமையின் சின்னம் என்று இன்று அஞ்சலட்டைகளில் காணும் அந்த உயரமான தலையணி, உண்மையில் இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமே. மரபு என்பது மாறாது நிற்கும் ஒன்றன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தொழிலும் ஊருக்குள் வந்தது. 1907இல் உழவரான ழான் எனாஃப் என்பவர் புல்திரெசிக்கில் தகரப்புட்டியில் உணவு அடைக்கும் ஆலையொன்றைத் தொடங்கினார். முதலில் பட்டாணி, அவரை போன்ற காய்கறிகளையும், பின்னர் மீனையும் பன்றி இறைச்சிப் பசையையும் அடைத்து விற்ற அவ்வாலை இன்றும் அவ்வூரிலேயே இயங்குகிறது. சுற்றுப்புற உழவரின் விளைச்சலுக்குச் சந்தையும் ஊர்ப் பெண்களுக்குக் கூலியும் அதனால் கிடைத்தன. எனவே, புல்திரெசிக்கைக் காலத்தால் கைவிடப்பட்ட ஊர் என்று கருதிவிடக் கூடாது. அது தன் மொழியைப் பேசிக்கொண்டே தொழில்யுகத்துக்குள் நுழைந்த ஊர்.

ஊரின் மற்றொரு பக்கம் அரசியல். குடியரசையும் அரசுப் பள்ளியையும் ஆதரித்தோர் சிவப்பு அணியினர். திருச்சபையின் மேலாண்மையை ஆதரித்தோர் வெள்ளை அணியினர். கடையும் பள்ளியும் நட்பும் அணிக்கேற்பப் பிரிந்தன. ஆயினும், சிவப்பு அணியினரும் ஞாயிறுதோறும் தேவாலயம் சென்றனர்; செப்டம்பர்த் தொடக்கத்தில் கடற்கரைச் சிற்றாலயமான பெனோர்ஸ் அன்னையின் திருவிழாவில் ஊரே ஒன்றாய் நடந்தது. இங்கு நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரு அணியினரும் சண்டையிட்டது ஒரே மொழியில், பிரெட்டனில். திருச்சபை அம்மொழியிலேயே மறைக்கல்வி புகட்டியது. 1902இல் பிரெஞ்சு அரசு அதனைத் தடுக்க முனைந்தது. பாரிசின் பார்வையில் பிரெட்டன், குருமாரின் மொழி. குடியரசுக்கு எதிரானவர்களின் கருவி. ஆனால் புல்திரெசிக்கின் சிவப்பு அணியினர் குடியரசைப் போற்றியதும் அதே பிரெட்டனில்தான்.

பள்ளியும் 'பசு'வும்

1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரான்சில் தொடக்கக் கல்வி கட்டணமற்றதாகவும் கட்டாயமாகவும் ஆக்கப்பட்டது. ஏழைக் குழந்தைகளுக்கு அதனால் விளைந்த நன்மையை யாரும் மறுத்தல் இயலாது. ஆனால் கல்வியின் மொழி பிரெஞ்சு ஒன்றே. வீட்டில் பிரெட்டன் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தை, ஐந்து வயதில் தனக்கு ஒரு சொல்லும் விளங்காத அறைக்குள் நுழைந்தது.

பள்ளி வளாகத்தில் பிரெட்டன் பேசிய மாணவனின் கையில் அல்லது கழுத்தில் ஓர் அடையாளப் பொருள் தரப்படும். பழைய மரக்காலணியோ, கல்லோ, மரத்துண்டோ அது எதுவாகவும் இருக்கலாம். அதற்குப் பல இடங்களில் 'பசு' என்று பெயர். அதிலிருந்து விடுபட ஒரே வழி, தன்னைப் போலவே பிரெட்டன் பேசும் மற்றொரு மாணவனைக் கண்டுபிடித்து அவனிடம் அதைத் தள்ளிவிடுவது. மாலையில் யாரிடம் 'பசு' இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. இவ்வாறு தோழனைத் தோழனே காட்டிக்கொடுக்கும் நிலை உண்டாயிற்று. இம்முறையின் கொடுமை அடியில் மட்டும் இல்லை. தாய்மொழியை இழிவோடு இணைத்து வைத்ததில்தான் அது உள்ளது.

இவ்விடத்தில் நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. பெற்றோர் பலர் இத்தண்டனையை எதிர்க்கவில்லை. தம் பிள்ளைகள் பிரெஞ்சு கற்க வேண்டும் என்று அவர்களே விரும்பினர். அஞ்சலகம், இருப்புப்பாதை, கடற்படை, ஆசிரியப் பணி ஆகிய எல்லாவற்றுக்கும் பிரெஞ்சே நுழைவாயில். பிரெட்டன் மட்டும் அறிந்தவனின் வாழ்க்கையை, முளையில் கட்டப்பட்டுக் கயிற்றின் நீளத்துக்குள் மேயும் பசுவுக்கு ஒப்பாகவே அவ்வூர்ப் பெரியவர்கள் கண்டனர். பள்ளியில் கழுத்தில் தொங்கியது ஒரு பசு. வீட்டில் அவர்கள் அஞ்சியது மற்றொரு பசு.

இனி, வரலாற்றின் கணக்கைப் பார்ப்போம். கட்டாயக் கல்வி 1880களில் தொடங்கியது. முதல் உலகப்போரில் அவ்வூர் ஆடவர் அகழிகளில் பிரெஞ்சு பேசிப் பழகித் திரும்பினர். இத்தனைக்குப் பின்னும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெட்டன் பேசுவோர் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அதாவது, அறுபது ஆண்டுக்காலப் பள்ளித் தண்டனையால் மட்டும் அம்மொழி வீழ்ந்துவிடவில்லை. பகலெல்லாம் பிரெஞ்சு கற்ற பிள்ளை, மாலையில் வீடு திரும்பித் தாத்தாவிடம் பிரெட்டனில்தான் கதை கேட்டது. இரு மொழியும் அறிந்த தலைமுறைகளைத்தான் பள்ளி உருவாக்கிற்று. அப்படியாயின், மொழி எங்கே முறிந்தது?

மொழி மாறிய வீடு

அந்த முறிவு 1945க்குப் பிந்திய பதினைந்து ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. போரின்போது பிரெட்டன் தேசிய இயக்கத்தாருள் ஒரு சாரார் செருமானிய ஆக்கிரமிப்பாளருடன் ஒத்துழைத்தமை, மொழிக்காகப் பேசியோர் மீதெல்லாம் பழியாக விழுந்தது. ஆனால் ஊர்மக்களின் முடிவுக்கு அது முதன்மைக் காரணமன்று. உழுபடை மாறியது, குதிரையின் இடத்தில் இழுவை இயந்திரம் வந்தது. சிறு வயல்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன. நிலத்தில் வேலையற்ற இளைஞர் பாரிசுக்கு இரயிலேறினர்.

புல்திரெசிக்குக்கு அண்மையில் உள்ள புலோசெவெத் என்னும் ஊரை, 1960களின் முற்பகுதியில் மானிடவியல், மருத்துவம், வரலாறு, சமூகவியல் எனப் பல துறைசார்ந்த ஆய்வாளர் பலர் ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவரான எட்கர் மொரேன் 1967இல் வெளியிட்ட நூலில், மாற்றத்தை ஊருக்குள் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்று காட்டினார். குழாய்நீரும் வசதியான அடுக்களையும் வேண்டும் என்றனர் அவர்கள். தம் மகள்கள் சேற்றில் உழல வேண்டா என்றும் எண்ணினர். அவர்களைக் குறைகூற நம்மால் இயலுமா? கிணற்றிலிருந்து நீர் சுமந்தவர்கள் அவர்கள்தாமே!

அந்த விருப்பத்தோடு பிறிதொன்றும் சேர்ந்து வந்தது. புதிய வாழ்க்கைக்குரிய பொருள்கள் எல்லாம் பிரெஞ்சுப் பெயர் தாங்கி வந்தன. பிரெட்டன், சாணமும் மண்தரையும் மரக்காலணியும் சார்ந்த மொழி என்று அதைப் பேசியவர்களே எண்ணத் தலைப்பட்டனர். பாரிசுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற பிரெட்டன் மகளிரை வைத்து 1905 முதல் வெளிவந்த 'பெக்காசின்' என்னும் கேலிச் சித்திரக்கதை ஏற்படுத்திய நாணமும் நெஞ்சில் தங்கியிருந்தது. கணவனும் மனைவியும் தமக்குள் பிரெட்டன் பேசினர். தம் பெற்றோரிடமும் பிரெட்டன் பேசினர். தொட்டிலை நோக்கித் திரும்பியபோது மட்டும் பிரெஞ்சு பேசினர். எந்தச் சட்டமும் இதனை ஆணையிடவில்லை. எந்த ஆய்வாளரும் வீட்டுக்குள் வந்து தண்டிக்கவில்லை. மாறாக, பள்ளிகளில் விருப்பப் பாடமாகப் பிரெட்டன் கற்பிக்க 1951இல் முதன்முறையாகச் சட்டம் இடங்கொடுத்தது. பள்ளி தன் கதவைச் சற்றே திறந்த அதே காலத்தில் வீடு தன் கதவைச் சாத்திக்கொண்டது. இதுவே இவ்வரலாற்றின் பெருந்துயரம் எனலாம்.

பெருமிதக் குதிரை

இவற்றையெல்லாம் நமக்குச் சொல்லி வைத்தவர் பியேர் ழாக்கெஸ் எலியாஸ். அவர் 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் புல்திரெசிக்கில் ஏழைக் குடும்பத்தில், சிவப்பு அணியைச் சேர்ந்த வீட்டில் பிறந்தார். கதைகளையும் சொற்களையும் அவருக்கு வாரி வழங்கியவர்கள் அவருடைய தாத்தாமார். பள்ளியில் 'பசு'வை அறிந்த அச்சிறுவன், பின்னர் கெம்பேர் நகரில் பயின்று, ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் கற்பிப்பவர் ஆனார். 1946 முதல் வானொலியில் பிரெட்டன் மொழி நிகழ்ச்சிகளை நடத்தினார். நாட்டுப்புறத்தார் இருவர் உரையாடுவதுபோல் அவர் அமைத்த நகைச்சுவை நாடகங்களை மக்கள் விரும்பிக் கேட்டனர்.

1975இல் 'பெருமிதக் குதிரை' என்னும் அவர்தம் நூல் வெளிவந்தது. சொந்தக் குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாத ஏழையின் கொட்டிலில், பெருமிதம் என்னும் குதிரைக்கு மட்டும் என்றும் இடமுண்டு என்னும் தாத்தாவின் கருத்தே தலைப்பாயிற்று. பெட்டிக்கட்டில், களம், மரக்காலணி, திருவிழா, இரு அணிகளின் பூசல் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. பல இலட்சம் படிகள் விற்ற அந்நூலை, 1980இல் குளோத் சப்ரோல் திரைப்படமாக்கினார்.

ஆனால் அந்நூலின் பதிப்பு வரலாற்றிலேயே ஒரு பாடம் அடங்கியுள்ளது. எலியாஸ் அதைப் பிரெட்டன் மொழியில் எழுதி, அவரே பிரெஞ்சில் பெயர்த்தார். உலகம் படித்தது பெயர்ப்பை. பிரெட்டன் மூலம் நூலாக வெளிவந்ததோ பதினோராண்டுகளுக்குப் பின்னர், 1986இல். சப்ரோலின் திரைப்படமும் பிரெஞ்சே பேசிற்று. தம் பாட்டன்மார் வாழ்க்கையைப் படித்து நெகிழ்ந்த பேரப்பிள்ளைகள் பலருக்கு, அப்பாட்டன்மாரின் மொழியில் அதைப் படிக்கத் தெரியவில்லை.

எலியாசுக்கு எதிர்ப்பும் எழுந்தது. கவிஞரும் இதழாளருமான சாவியே கிரால் 1977இல் 'படுத்துவிட்ட குதிரை' என்று தலைப்பிட்டு ஒரு மறுப்பு நூலே எழுதினார். இறந்தகாலத்தை அழகுபடுத்தி மொழியின் மறைவை விதியென ஏற்றுக்கொள்கிறார் எலியாஸ் என்பது எதிர்த்தோர் குற்றச்சாட்டு. அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயினும், வறுமையை அனுபவித்தவர் வறுமை போனதற்காக அழமாட்டார். எலியாசின் உள்ளத்தில் இரண்டும் இருந்தன: மண்தரை போனதில் மகிழ்ச்சி, மொழி போவதில் வருத்தம். இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டுமா என்னும் வினாவே அவர் நமக்கு விட்டுச்சென்ற வினா. அவர் 1995இல் மறைந்தார்.

முளைவிடும் விதை

1977இல் பெற்றோரும் ஆர்வலரும் சேர்ந்து, முழுவதும் பிரெட்டன் வழியில் நடக்கும் மழலையர் பள்ளியொன்றைத் தொடங்கினர். அதற்கு 'திவான்' என்று பெயரிட்டனர். முளைத்தல் என்பது அதன் பொருள். அது பள்ளிகளின் வலையமைப்பாக வளர்ந்தது. பின்னர், அரசுப் பள்ளிகளிலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இருமொழி வகுப்புகள் தோன்றின. இன்று இம்மூன்று வழிகளிலும் ஏறத்தாழ 20,000 மாணவர் பயில்கின்றனர். 2008இல் வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வம் என்று அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. எனினும், 2021இல் மொழிமூழ்கல் முறைக் கல்வி அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று அரசமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது.

மறுபுறம், 1997இல் ஏறத்தாழ 2,40,000 என மதிப்பிடப்பட்ட பேசுவோர் தொகை, 2024ஆம் ஆண்டு ஆய்வில் ஏறத்தாழ 1,07,000 ஆகக் குறைந்துள்ளது. இவ்விரு எண்ணிக்கைகளையும் சேர்த்து நோக்குக. முதியோர் மறைவால் ஏற்படும் இழப்பைப் பள்ளி ஈடுசெய்ய இயலவில்லை. அப்பள்ளிகளின் பிள்ளைகள் பிரெட்டனில் கணிதம் செய்வர், வரலாறு எழுதுவர். ஆனால் பெரும்பாலோர்க்கு, வீடு திரும்பியதும் பேச்சு பிரெஞ்சுக்கு மாறிவிடுகிறது. புல்திரெசிக்கின் பழைய காட்சி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அன்று பள்ளியில் பிரெஞ்சு, வீட்டில் பிரெட்டன். இன்று பள்ளியில் பிரெட்டன், வீட்டில் பிரெஞ்சு.

நிறைவாக

பிரெட்டன் மொழிக்கு நேர்ந்ததை அப்படியே மற்ற மொழிகளுக்குப் பொருத்திப் பார்ப்பது முறையாகாது. சிங்கப்பூரில் தமிழ், அரசமைப்பு ஏற்ற அதிகாரத்துவ மொழி. பள்ளியில் கற்பிக்கப்படும் தாய்மொழி. பிரெட்டனுக்கு அத்தகைய நிலை என்றும் வாய்த்ததில்லை. ஆயினும், அச்சிற்றூர் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. வீடு பேசிக்கொண்டிருந்த வரையில் பள்ளியின் தண்டனையையும் தாங்கி ஒரு மொழி நின்றது. வீடு பேசுவதை நிறுத்திய பின், பள்ளியின் அன்பு முழுவதும் சேர்ந்தும் அதை நிமிர்த்தப் போதவில்லை. ஆசிரியரின் பணி இதனால் சிறுத்துவிடவில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டுமன்றி, மாலையில் பாட்டியோடு பேசுவதற்கான சொற்களையும் வகுப்பறை கொடுத்தனுப்ப வேண்டும் என்னும் அளவுக்கு அது விரிவடைந்திருக்கிறது.

புல்திரெசிக்கின் தாய்மார் தம் பிள்ளைகளுக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். கயிற்றை அறுத்துப் பிள்ளையை விடுவிக்கவே அவர்கள் விரும்பினர். பிரெஞ்சைக் கொடுப்பதற்குப் பிரெட்டனை எடுத்துவிட வேண்டியதில்லை என்பதை அவர்களுக்கு யாரும் அன்று எடுத்துரைக்கவில்லை. இரு மொழிகளும் ஒரு குழந்தையின் நாவில் ஒருங்கே வாழ இயலும் என்பதற்கு எலியாசின் வாழ்க்கையே சான்றாக இருந்தது. அச்சான்று அவர்கள் கண்முன்னேயே இருந்தும், காலத்தே எடுத்துக்காட்டப்படவில்லை. அதை எடுத்துக்காட்டும் கடமை, அவ்வூரின் வரலாற்றைப் படித்த நமக்கு இருக்கிறது.